அந்தோனியார்கிட்ட கடன் வாங்கின கால்

பட்டாளத்துல அடிபட்டவங்களுக்கு ஊனக் கொடுப்பனவுன்னு ஒண்ணு உண்டுன்னு எனக்கு முதல்ல சொன்னது எங்க லயத்து வரிசை வீட்டுல பக்கத்துக் காம்பிராவுல இருக்கிற ஸ்டெல்லா. போன ஐப்பசி மழையில, குழாயடியில, குடத்தை நிரப்பிக்கிட்டே சொன்னா.

"அக்கா, அண்ணன் காலுக்குக் காசு வருமாமே!"

"எந்தக் காலுக்கு?"

"அண்ணனுக்கு என்ன நாலு காலா இருக்கு? அந்தத் தாங்கித் தாங்கி நடக்கிற காலுக்குத்தான்!"

அண்ணன்னு அவ சொன்னது என் வீட்டுக்காரர் சவரிமுத்துவை. எங்க தோட்டத்துல இருந்து பட்டாளத்துக்குப் போன ஒரே ஆளு. துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டாருன்னு நினைச்சிராதீங்க. லொறி ஓட்டினாரு. அரிசி மூட்டை, மரக்கறி, சில நாளைக்குக் கோழி.

அப்படி ஒரு நாள் காட்டுப் பாதையில டயர் வெடிச்சு, லொறி பள்ளத்துல சாய்ஞ்சு, இவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிஞ்சு போச்சு. பட்டாளத்து ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. எலும்பு சேர்ந்துச்சு. ஆனா கோணலா சேர்ந்துச்சு. அன்னையில இருந்து அவரு ஒரு பக்கம் போவாரு, கால் ஒரு பக்கம் போகும்.

பொறகு தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில வாட்சரா இருந்தாரு. போன வருஷம் அதுவும் ஏலாமப் போச்சு. பனிக் காலத்துல படி ஏறினா ஆளு பாதியில உக்காந்துடுவாரு.

ஆனா வீட்டுல சும்மா இருக்க அவருக்கு ரோஷம் விடல. கொழும்புல ஒரு துணிக்கடையில காவல் வேலை பேசி வச்சிட்டாரு. தை பொறந்ததும் வரணுமாம்.

"என்னங்க வேலை?"ன்னு கேட்டேன்.

"வாசல்ல நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"கடை மூடுற வரைக்கும்."

"உக்கார நாற்காலி குடுப்பாங்களா?"

"உக்காந்திருக்கிறவன் காவல்காரன் இல்ல புள்ள, அவன் மொதலாளி."

வீட்டுல அரை மணி நேரம் நின்னாலே ராத்திரிக்கு எண்ணெய் போட்டு உருவி விடணும். கொழும்புல யாரு உருவி விடுவா? அந்தக் கொடுப்பனவு வந்தா மனுசன் வீட்டோட இருப்பாரு. வராட்டி கொழும்பு வாசல்தான். அதனால ஜெபமாலையை எடுத்தேன், குடையையும் எடுத்தேன், ரெண்டு பேருமா கண்டியில இருக்கிற அந்த ஆபீசுக்குக் கிளம்பினோம்.

சின்ன வேலைதான், போய்ப் பேரைப் பதிஞ்சிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடலாம்னு சோத்தை வடிச்சு மூடி வச்சிட்டுப் போனேன். என் புத்தி அவ்வளவுதான்!

ஆபீசுல ஒரு நோனா, உத்தியோகத்து அம்மா, இருந்தாங்க. நல்ல மனுசி. சிங்களத்துலதான் பேசினாங்க. என் வீட்டுக்காரருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. எனக்குக் கடைக்குப் போய் வர்ற அளவுக்கு வரும்.

"உங்க சேவைப் புத்தகத்துல நீங்க லீவுல போனது இருக்கு. எதுக்கு லீவுன்னு இல்லையே"ன்னாங்க.

"கால் முறிஞ்சதுக்கு நோனா."

"அதை நான் நம்புறேன். காகிதம் நம்பணுமே. ஆஸ்பத்திரித் துண்டு இருக்கா?"

"அந்தக் காலத்துலயே மழையில நனைஞ்சு போச்சு."

"இப்படி வர்றவங்களுக்காக ஆஸ்பத்திரியில முன்னமே எழுதிக் கேட்டிருக்கோம். அவ்வளவு பழசு அவங்ககிட்டயும் இல்லையாம். சரி, எக்ஸ்ரே படம்? அதையாவது வச்சிருப்பீங்களே?"

அவரு என்னைப் பார்த்தாரு. நான் குடையைப் பார்த்தேன்.

"அது வந்து நோனா... கிரகணத்துக்குப் போயிருச்சு"ன்னேன்.

"எங்க போயிருச்சு?"

என்னத்தைச் சொல்ல! ஒரு வருஷம் சூரிய கிரகணம் வந்துச்சு. வெறுங்கண்ணால பார்க்கக் கூடாது, கறுப்புப் படம் வழியாப் பார்க்கலாம்னு லயத்துல யாரோ கிளப்பி விட்டாங்க. அந்த லயத்துலயே கறுப்புப் படம் வச்சிருந்த பெரிய குடும்பம் எங்க குடும்பம்தான்! நான்தான் பெருமையா கத்தரிக்கோலை எடுத்து, ஆளுக்கொரு துண்டா நறுக்கிக் குடுத்தேன். லயமே என் வீட்டுக்காரர் கால் வழியாத்தான் சூரியனைப் பார்த்துச்சு. எலும்பு விழுந்த துண்டு கிடைச்சவன் மட்டும் கண்ணு கூசுதுன்னு சண்டைக்கு வந்தான். அப்படிப் பார்க்கிறதும் கண்ணுக்குக் கேடுதானாம், பொறகு டிஸ்பென்சரி ஐயா எல்லாரையும் கூப்பிட்டுத் திட்டினாரு.

நோனா பேனாவைக் கீழே வச்சிட்டாங்க.

"அம்மே, வேற ஏதாவது? தேதி, நம்பர், ஆஸ்பத்திரிப் பேரு, இதுல ஏதாவது எழுதின ஒரு சாமான்?"

நான் கண்ணை மூடி, "அந்தோனியாரப்பா, தொலைஞ்சதைக் காட்டிக் குடுக்கிறவரே"ன்னு ஆரம்பிச்சேன். ஜெபத்தை முடிக்கல. பளிச்சுன்னு வந்துச்சு!

"மாவுக்கட்டு!"ன்னு கத்திட்டேன். பக்கத்து மேசைக்காரர் தேத்தண்ணியைச் சிந்திட்டாரு.

இவரு இருந்த வார்டு முழுக்க மாவுக்கட்டுக் காலாம். ஆள் மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொரு கட்டு மேலயும் பட்டாளத்து நம்பர், வார்டு, தேதி எல்லாம் ஊதா மார்க்கர்ல எழுதி விட்டிருந்தாங்க. கட்டைப் பிரிச்ச அன்னைக்கு நான் அதைத் தூக்கிப் போடல.

"அது இப்ப எங்கே?"ன்னாங்க நோனா.

"அந்தோனியார் கோயில்ல நோனா. நேர்த்திக்கடன் குடுத்துட்டேன்."

நோனா அவரு பக்கம் திரும்பி, "மாத்தயா, இது எத்தத?"ன்னு கேட்டாங்க. ஐயா, இது நிஜம்தானான்னு அர்த்தம்.

"எத்த நோனா"ன்னாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

"வர்ற புதன்கிழமை டொக்டர்மார் வர்றாங்க. அந்த மாவுக்கட்டோட வாங்க. இல்லாட்டி நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

அந்தோனியார் கோயில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம், ஒரு தோட்டத்து மலை உச்சியில இருக்கு. கீழே இருந்து மேலே வரைக்கும் படி. இவரு எந்தக் காலத்துலயும் அந்தப் படி ஏறினதில்ல. திருவிழான்னாலும் கீழே மெழுகுதிரிக் கடையில உக்காந்து, அங்க இருந்தே சிலுவை போட்டுக்குவாரு. அன்னைக்கும் அப்படித்தான்.

"நீ போய் எடுத்துட்டு வா புள்ள. நான் இங்க இருந்தே வேண்டிக்கிறேன்"ன்னு பிளேன்டீக்குச் சொல்லிட்டாரு.

மேலே பீடத்துக்குப் பக்கத்துச் சுவர்ல நேர்த்திக்கடன் சாமான் எல்லாம் தொங்கும். வெள்ளிக் கண்ணு, தொட்டில், ஊன்றுகோல், வெளிநாடு போன பிள்ளைங்களோட போட்டோ. அதுக்கு நடுவுல, ரிபன் கட்டி, எங்க வீட்டுக் கால்.

உபதேசியார் அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கோயிலைப் பார்த்துக்கிறவர் அவருதான். கேட்டதும் கையில இருந்த விளக்குமாறு அப்படியே நின்னு போச்சு.

"சாமிக்குக் குடுத்த காலைத் திருப்பிக் கேக்குறியாம்மா?"

"திருப்பி இல்லண்ணே, கடனா."

"அந்தோனியார்கிட்டயே கடனா! நாளைக்கு இன்னொருத்தி வந்து தொட்டிலைக் கேப்பா. அடுத்தவன் வந்து கண்ணைக் கேப்பான். பொறகு சுவர்ல ஆணிதான் மிஞ்சும்!"

நல்ல வேளை, ஃபாதர் அந்தப் பக்கமா வந்தாரு. விஷயத்தைக் கேட்டுச் சிரிச்சாரு. "குடுத்து விடுங்க உபதேசியார். அந்தோனியார் கோவிச்சுக்க மாட்டார். ஆனா ஒண்ணு அம்மா, அடுத்த செவ்வாய்க்கிழமை நவநாள் பூசைக்குள்ள கால் சுவர்ல இருக்கணும்."

"கட்டாயம் ஃபாதர்!"ன்னேன். எப்பவுமே நான் வாக்குக் குடுக்கிறதுல கெட்டிக்காரி.

ஏணி வச்சு இறக்கினாங்க. கையில வாங்கிப் பார்த்தேன். கால் வெள்ளை வெளேர்னு இருக்கு! ஒரு எழுத்தைக் காணோம்!

"அண்ணே, எழுத்து எங்கண்ணே?"

"எந்த எழுத்து? வருஷா வருஷம் திருவிழாவுக்குச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பை அதுக்கும் ஒரு கை அடிச்சு விடுவேன். எவ்வளவு பளிச்சுன்னு வச்சிருக்கேன் பாரு!"

மனுசன் முகத்துல அவ்வளவு பெருமை. நான் எதைச் சொல்லித் திட்ட?

தண்ணி தொட்டுத் துடைச்சா மாவு கரைஞ்சிரும். அதனால வாசல்ல உக்காந்து, தேக்கரண்டிக் காம்பால மெதுவா, மெதுவாச் சுரண்டினேன். ஒரு வருஷச் சுண்ணாம்பு போச்சு, அடுத்த வருஷம் வந்துச்சு. அதைச் சுரண்டினா அதுக்கு முந்தின வருஷம்! உபதேசியாரும் மனசு இரங்கி ஒரு பக்கம் உக்காந்தாரு. கடைசியில ஊதாவா ஒரு கோடு. பொறகு ஒரு எண். பொறகு வார்டு. "யேசுவே!"ன்னு நான் போட்ட சத்தத்துல கோயில் புறா எல்லாம் பறந்து போச்சு.

சந்தோஷத்துல காலைத் திருப்பினேன்.

திருப்பாமலே இருந்திருக்கலாம்.

பின்பக்கத்துல நான் அந்தக் காலத்துல ஒட்டி வச்ச பித்தளைத் தகடு. அதை நானே மறந்து போயிருந்தேன். அதுல வெட்டியிருக்கு: "புனித அந்தோனியாரே, என் கணவர் சவரிமுத்துவின் இடது கால் பூரண சுகம் அடைந்ததற்குக் கோடி நன்றி. மேரி குடும்பம்."

பூரண சுகம்!

கொஞ்சம் இருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. கட்டைப் பிரிச்ச அன்னைக்கு அவருக்குத் தரையில கால் ஊன்றக்கூட ஏலாது. ஆனா அந்த மாசம் தியானத்துக்கு வந்த ஒரு ஃபாதர் சொன்னாரு, கேக்கும்போதே கிடைச்சிருச்சுன்னு நம்பி நன்றி சொல்லுங்கன்னு. எல்லாரும் வாயால சொன்னாங்க. நான் ஹட்டனுக்குப் போய்ப் பித்தளையிலயே வெட்டிக்கிட்டு வந்துட்டேன்! அதுவும் போதாதுன்னு, காத்துல விழுந்திரக் கூடாதுன்னு மேசன் பாஸைப் பிடிச்சுச் சீமெந்து வச்சு ஒட்டியும் ஆச்சு.

"அண்ணே, இந்தத் தகட்டைக் கழட்டலாமா?"

உபதேசியார் தட்டிப் பார்த்தாரு. "கழட்டலாம். ஆனா கால் ரெண்டாப் போகும். அந்தக் காலத்துச் சீமெந்தும்மா!"

அப்புறம் என்ன செய்ய. கைப்பையில கிடந்த சிவப்புத் துணியைத் தகட்டு மேல சுத்தி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். அதுக்கு மேல போர்வையைச் சுத்தினேன். கீழே இறங்கி வந்ததும் இவரு, "எடு, நானும் பார்க்கிறேன் என் காலை"ன்னாரு.

"பனி பட்டா கெட்டுப் போயிருமாம்"னு சொல்லி மார்போட அணைச்சுக்கிட்டேன்.

புதன்கிழமை காலையில ஹட்டன்ல இருந்து கண்டி பஸ். சரியான கூட்டம். அவரை முன்வாசல்ல ஏத்தி விட்டாங்க, நான் பின்வாசல்ல தொங்கிக்கிட்டு ஏறினேன். மார்புல போர்வை மூட்டையைப் பார்த்ததும் ஒரு பிள்ளை எழும்பி இடம் குடுத்துச்சு.

"உக்காருங்கம்மா. கைப்பிள்ளையோட எப்படி நிப்பீங்க?"

இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஆனா என் முழங்கால் எனக்கு முந்தி உக்காந்துருச்சு.

பக்கத்துல இருந்த அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. "பேரப்பிள்ளையா?"

"ம்."

"எத்தனை மாசம்?"

பொய் சொல்லக் கூடாதுன்னு எனக்குள்ள ஒரு வைராக்கியம். "வயசு கூடத்தான்"னேன்.

"சத்தமே இல்லையே! நல்ல அமைதியான பிள்ளை."

"ஆமாங்க. ஒரே இடத்துல இருக்கும்."

கினிகத்தேனை வளைவுல டிரைவர் திருப்பினாரு பாருங்க, ஒரு திருப்பு! போர்வை நழுவி, அந்த அம்மா மடியில ஒரு முழுப் பாதம் போய் விழுந்துச்சு. பெரிய ஆம்பளைப் பாதம். வெள்ளையா.

அவங்க போட்ட கூச்சல்ல பஸ் நின்னு போச்சு.

கண்டக்டர் தம்பி ஓடி வந்தான். பார்த்தான். ரெண்டு அடி பின்னால போனான்.

"அம்மா... இது யாரு கால்?"

"எங்க வீட்டுக்காரரோடது தம்பி."

"அவரு எங்கே?"

"முன்னால சீட்டுல இருக்காரு."

பஸ் மொத்தமும் முன்னால திரும்பிப் பார்த்துச்சு. அவரு மெதுவா எழும்பி, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, ரெண்டு காலும் இருக்குன்னு ஊருக்கே காட்டிட்டு, மறுபடியும் உக்காந்துக்கிட்டாரு. கண்டிக்குப் போற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்ல.

ஆபீசுல மூணு டொக்டர்மார் இருந்தாங்க. நடுவுல இருந்தவர்தான் பெரியவர். கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, மாவுக்கட்டை மேசையில வாங்கி வச்சாரு. ஊதா எழுத்தை வாசிச்சாரு. சேவைப் புத்தகத்தைப் பார்த்தாரு. மறுபடி எழுத்தைப் பார்த்தாரு.

"நம்பர் சரி. தேதியும் லீவோட சரியா வருது"ன்னாரு.

எனக்கு உள்ளுக்குள்ள அல்லேலூயா!

பொறகு அந்தச் சிவப்புத் துணியைத் தொட்டாரு.

"இது என்ன? கட்டுக்கு மேல கட்டா?"

"அது சும்மா அழகுக்கு சேர்"னேன்.

டொக்டர் கை முடிச்சை அவிழ்த்துருச்சு. பித்தளை பளபளன்னு வெளியில வந்துச்சு. இத்தனை வருஷம் சுண்ணாம்பு அடிச்சவர் தகட்டை மட்டும் புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருந்திருக்காரு!

"தமிழ்ல இருக்கே. என்ன எழுதியிருக்கு?"ன்னு அவர்கிட்டயே கேட்டாரு டொக்டர்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். மேலதிகாரி கேட்டா ஒளிக்கத் தெரியாது. குனிஞ்சு வாசிச்சாரு. வாசிச்சதை வார்த்தை பிசகாமச் சிங்களத்துல சொன்னாரு. சொல்லிக்கிட்டே வந்தவர் "பூரண சுகம்"கிற இடத்துல நின்னுட்டாரு. மறுபடி வாசிச்சாரு. பொறகு என் பக்கம் திரும்பி, தமிழ்ல, அவ்வளவு பேருக்கு முன்னால கேட்டாரு:

"மேரி, நான் எப்ப புள்ள பூரண சுகமானேன்?"

இந்தப் பக்கம் டொக்டர்மார், அந்தப் பக்கம் அந்தோனியார். யாரை நான் பொய்யாக்க?

"ஆகல சேர்"னேன், எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல. "ஆகணும்னு முன்னாலயே நன்றி சொல்லிட்டேன்."

"முன்னாலயேவா?"

"முன்னால சொன்னா சாமிக்கு மறுக்க மனசு வராது சேர்."

ஓரத்துல இருந்த சின்ன டொக்டர் கைலேஞ்சியால வாயை மூடிக்கிட்டாரு. பெரியவர் சிரிக்கல. அதுதான் எனக்குப் பயம். கண்ணாடியைக் கழட்டி என் வீட்டுக்காரரைப் பார்த்தாரு.

"மாத்தயா, உங்க பேரைப் போட்டு இப்படி ஒரு தகடு இத்தனை வருஷமாக் கோயில்ல இருக்கு. நீங்க ஒரு தடவையாவது பார்க்கலையா?"

"இல்ல சேர்."

"ஏன்?"

"அது மலை மேல இருக்கு சேர். நிறையப் படி. இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏற ஏலாதே!"

பொறகு பெரியவருக்குத் தோள் ரெண்டும் குலுங்க ஆரம்பிச்சுது. சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்! "சுகமாயிருச்சுன்னு எழுதியிருக்கிறதை வாசிக்கப் போக ஏலாத கால்"னு மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

சிரிச்சு முடிச்சதும் எழும்பி வந்தாரு. தரையில முட்டி போட்டு உக்காந்து, என் வீட்டுக்காரர் செருப்பைத் தன் கையாலயே கழட்டினாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவ்வளவு பெரிய டொக்டர். மாவுக்கட்டு நீளவாக்குல ரெண்டு பாதியா வெட்டினது. ரிபனை அவிழ்த்து, பின்பாதியை அவரு கால்ல மெதுவா வச்சாரு.

பொருந்திருச்சு.

எலும்பு எந்த இடத்துல கோணலோ, மாவும் அந்த இடத்துல அதே கோணல். அன்னைக்குக் கட்டுப் போடும்போதே கால் அப்படி இருந்திருக்கு. டொக்டர் விரலை வச்சு அந்த வளைவைத் தடவிக்கிட்டே போனாரு. "கொல்லோ, இதைப் பாருங்க"ன்னு பசங்களாங்கிற மாதிரி மத்தவங்களைக் கூப்பிட்டாரு. மூணு பேரும் தரையில உக்காந்து பார்த்தாங்க. பொறகு இப்ப ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்பினாங்க. வெளியில போகும்போது நோனா என் காதுகிட்ட வந்து, "அம்மே, இந்தப் படத்தை வெட்டிராதீங்க"ன்னாங்க.

எக்ஸ்ரே எடுக்கிற இடத்துல வரிசையில உக்காந்திருக்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக் கேட்டாரு.

"அன்னைக்கு எனக்கு நல்லாயிரும்னு அவ்வளவு நம்பினியா?"

"ம். சீமெந்தே போட்டேனே."

மனுசன் சிரிச்சுட்டாரு. என் கையைப் பிடிக்கல. ஆனா குடையை வாங்கி அவரு வச்சுக்கிட்டாரு. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

எல்லாம் முடிஞ்சு, போர்வையை விரிச்சு வச்சுக்கிட்டு நோனாகிட்ட, "காலைக் குடுங்க நோனா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன்.

"எந்தக் கால்? அது இனி பைலோட சேர்ந்தது. சாட்சிச் சாமான். வெளியில குடுக்க ஏலாது."

"ஐயோ நோனா! அது கடன் வாங்கின கால்! செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் கோயில்ல இருக்கணும்!"

"பெரிய டொக்டர் கையெழுத்துப் போட்டாச்சு அம்மே."

பைல் இருக்கிற ராக்கையில அது கொள்ளல. அதனால அலமாரி மேல படுக்க வச்சு, ஒரு நூல்ல அட்டை கட்டித் தொங்க விட்டாங்க. நான் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போர்வையை மட்டும் கொண்டுபோனேன். உபதேசியார் ஏணியோட தயாரா நின்னுக்கிட்டிருந்தாரு.

"கால் எங்கம்மா?"

"அரசாங்கம் எடுத்துக்கிச்சு அண்ணே."

ஏணியை மடக்கி வச்சவர்தான். இன்னைக்கு வரைக்கும் எனக்கு எண்ணெய் விளக்கு ஏத்த முன்வரிசையில இடம் குடுக்கிறதில்ல. ஃபாதர் மட்டும் பிரசங்கத்துல, "சிலர் வாக்குக் குடுக்கிறதுல அவசரப்படுறாங்க"ன்னு பொதுவாச் சொன்னாரு. கோயிலே திரும்பி என்னைப் பார்த்துச்சு.

மார்கழிக் கடைசியில கொடுப்பனவு சரியாயிருச்சுன்னு போன் வந்துச்சு. பெரிய காசுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரு கொழும்புக்காரனுக்குப் போன் எடுத்து, "வேற ஆளைப் பாருங்க தம்பி, எனக்கு வீட்டுல வேலை இருக்கு"ன்னு சொன்னாரு. என்ன வேலைன்னு நானும் கேக்கல. இப்ப தின்னுட்டு, கோழிக்குத் தீனி போட்டு, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. பகல் பூரா உக்காந்திருக்காரு. பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையா இருக்கு.

இதை எழுத மகள்தான் போன்ல பழக்கிக் குடுத்தா. அவ வாசிச்சிட்டு, "அம்மா, இதையெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா?"ன்னு கேட்டா. காரணம் இருக்கு பிள்ளைகளே.

நேத்து நோனா போன்ல சொன்னாங்க, வருஷத்துக்கு ஒருக்காப் புது டொக்டர்மார் வந்து எல்லாப் பைலையும் திரும்பப் பார்ப்பாங்களாம். அதுல தமிழ் தெரிஞ்சவரும் இருக்கலாமாம். என்னால அடிக்கடி கண்டிக்குப் போக ஏலாது. உங்கள்ல யாராவது அந்த ஆபீசுக்கு ஒரு வேலையாப் போனீங்கன்னா, அலமாரி மேல ஒரு கால் படுத்திருக்கும். தயவு செஞ்சு அந்தத் தகட்டுப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் சுவரைப் பார்க்கத் திருப்பி வச்சிட்டு வந்துடுங்க.